ஓர் எழுத்து, இரண்டு ஒலி

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இரண்டும் பகரம்தான். ஆயினும் தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால், முதல் பகரத்தில் இதழ் திறந்த பிறகே அதிர்வு தொடங்குவதும், அடுத்ததில் அது இடையறாமல் ஓடுவதும் தெரியும். தமிழ்ச்செவி இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை; மலையாளமோ இவ்விரு ஒலிக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறது. அதனால்தான் கேரளத்தின் தமிழக எல்லையை ஒட்டிய நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் மலையாள நோட்டில், அதிரும் ஒலியில் தொடங்கும் 'பாலன்' என்பதை, அதிராத ஒலியில் தொடங்கும் 'பாலம்' என்பதற்குரிய எழுத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு, எழுத்துக் கற்றல் குறைபாடு அன்று, தாய்மொழியின் தடம். ஆனால் எல்லாரும் செய்யும் இந்தப் பிழைக்குள்ளேயே உண்மையில் உதவி தேவைப்படும் குழந்தை மறைந்துபோகிறது என்பதுதான் என் கவலை.

ஒலிகளை மூளை பெட்டி பெட்டியாகப் பிரித்தே கேட்கிறது. 1957இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் உடனிருந்தோரும், ஓர் ஒலியைச் சிறிது சிறிதாக இன்னோர் ஒலியாக மாற்றிக் கேட்கச் செய்தபோது, பெட்டிக்குள் நிகழ்ந்த மாற்றம் கேட்டவர்களுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. எல்லையைத் தாண்டியதும் அதே அளவு மாற்றம் தெளிவாகக் கேட்டது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகள் பலரிடம் இந்த எல்லை மங்கலாக இருக்கிறது. அதோடு, மற்றவர்கள் புறக்கணிக்கும் நுண்ணிய வேறுபாடுகளை அவர்கள் கூடுதலாகவே கேட்கக்கூடும் என்று 2004இல் வில்லி செர்னிக்ளாசும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பொருத்த வேண்டிய குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய சுமை! எல்லாக் குழந்தைகளிடமும் இது காணப்படுவதில்லை. வாசிப்பு குறைவதாலும் ஒலியுணர்வு கூர்மையடையாமல் போகலாம் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே, தாய்மொழி ஒலிகளிலேயே குழந்தையைச் சோதியுங்கள். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம், நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு 'வலை', 'வளை' என்றேன். இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டதும் அவன் நெடுநேரம் தயங்கி, "ஒண்ணுதான் டீச்சர்" என்றான். செவித்திறன் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அதுவரை அவனிடம் "காது கேக்கலையா?" என்று அதட்டாதவர்கள் குறைவு.

இரைச்சலில் இக்குழந்தைகளுக்குத் தடுமாற்றம் கூடும் என்பதால், அவனை முன்வரிசைக்கு மாற்றினோம். நாக்கு பல்லருகே படுவதையும், மேலண்ணத்தை நோக்கி வளைவதையும் உணரச் செய்து, ஒவ்வொரு ஒலியையும் அதன் எழுத்தோடு சேர்த்தே பழக்கினோம். இப்போதும் அவன் மெதுவாகத்தான் எழுதுகிறான். எழுதுவதற்கு முன் நாக்கை ஒரு முறை வளைத்துப் பார்த்துக்கொள்கிறான்.