பார்த்தால் வயிறு நிரம்புமா?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் பெரியோரே, திருகோணமலை கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து இந்த வெயிலிலும் வந்து சேர்ந்த விரிவுரையாளர்களே, மாலை போட்டு வரவேற்ற மாதர் சங்கத்து அக்காமாரே, பின்னால் நிற்கும் தம்பி தங்கைமாரே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய சேரைச் சொல்ல மறந்தால் வீடு வரைக்கும் கதை வரும், அவருக்கும் நன்றி.

பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் விதம், பிள்ளைகள் கற்கும் விதம் பற்றி மூன்று விசயம் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஒரு கதை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன், முதலாம் வருடம். போனில் ஏதோ கேள்விகளுக்கு விடை போட, 'நீ பார்த்துப் படிக்கும் ஆள்' என்று வந்ததாம். அன்றிலிருந்து புத்தகம் தொடுவதில்லை, யூடியூப் மட்டும்தான். விரிவுரையாளர் படம் போடாமல் பேசினால் அது அவருடைய பிழை. தாய் பொறுத்துப் பார்த்தா. ஒருநாள் இரவு புட்டும் சூடைமீன் குழம்பும் கோப்பையில் போட்டு, கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, "நீ பார்த்துப் படிக்கிற ஆள்தானே மகன், பார், வயிறு நிரம்பும்" என்றா. அவன் பசியில் கத்த, பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டி, "காதாலயும் கொஞ்சம் கேட்டுப் பார் ராசா" என்றா. ஒழுங்கையே சிரித்தது!

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். கண்ணால் படிப்பவன், காதால் படிப்பவன் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008 இல் பாஷ்லரும் கூட இருந்த உளவியலாளர்களும் எழுதிவிட்டார்கள். 1976 இல் சுவீடனில் மார்ட்டன், சால்யோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கட்டுரை வாசிக்கக் கொடுத்தபோது, சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள், சிலர் கேள்வி வருமென்று வரிகளைப் பாடமாக்கினார்கள். வித்தியாசம் கண்ணிலோ காதிலோ இல்லை, அங்கேதான். விரிவுரையாளர் தகவலைக் கொட்டுவதிலேயே குறியாக இருந்தால் பிள்ளைகள் மேலோட்டமாகப் படிப்பது கூடுகிறது என்று 1999 இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்றும் காட்டியது. ஸ்லைட்டை வாசித்துவிட்டுப் போகிற சேர்மார் கோபிக்க வேண்டாம், முன்வரிசையைச் சொல்லவில்லை.

சரி, நாப்பழக்கம் என்றால் பேச இடம் வேண்டாமா? நிலாவெளிப் பக்கம் அறை எடுத்திருக்கும் பிள்ளைகள் கூடியிருந்து வாதாட ஒரு மேசை இல்லை. எங்கள் வாசிகசாலையோ ஐந்து மணிக்குப் பூட்டு. அதை இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள் என்றுதான் இவ்வளவு நாளும் கத்துகிறேன். ஒரு வெள்ளைப்பலகை, இரண்டு மின்விசிறி போதும். சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளை மூலிகையைக் கையில் பிடித்து வணிகம் படிக்கிற பிள்ளைக்கு விளங்கப்படுத்தட்டும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், மற்ற இரண்டு விசயமும் இன்னொரு நாளைக்கு. வாசிகசாலையை ஒன்பது வரை திறக்கக் கேட்கும் கையொப்பத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, போடாமல் போகிறவர்களை ஆச்சி பார்த்துக்கொண்டிருக்கிறா.