64 கோர் போட்டும் சால்வர் ஏன் வேகமாகவில்லை?

வணக்கம். ஒரு மின்வலையில் எந்த நிலையம் எத்தனை மெகாவாட் தர வேண்டும்? செலவு குறைய வேண்டும், அதே சமயம் எந்தக் கம்பியிலும் சுமை எல்லை தாண்டக் கூடாது. உகந்த மின்பாய்வு என்று சொல்லப்படும் இந்தக் கணக்கை 1962-ல் பிரான்சில் கார்பென்டியே வகுத்தார். மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று பெருக்குகின்றன, நடுவே சைனும் கோசைனும் வருகின்றன. அதனால் இது நேரியல் கணக்கு அல்ல.

இதைத் தீர்க்கப் பலரும் எடுப்பது ஐபாப்ட் என்ற சால்வர், அதாவது இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள். வாக்டரும் பீக்லரும் உருவாக்கியது. அதன் அல்காரிதத்தை விளக்கும் கட்டுரை 2006-ல் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதற்கு முக்கியமாக இரண்டு வேலை. சார்புகளையும் வகைக்கெழுக்களையும் கணக்கிடுவது ஒன்று. ஒரு மாபெரும் நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது இன்னொன்று.

முதல் வேலையைப் பிரிப்பது சுலபம். எல்லாக் கம்பிக்கும் ஒரே சூத்திரம், எண்கள் மட்டும் வேறு. கோருக்கொரு கம்பி என்று கொடுத்துவிடலாம்.

சரி, 64 கோர் இருந்தால் 64 மடங்கு வேகம் வருமா? வராது. மொத்த நேரத்தில் 10 சதவீதம் பிரிக்க முடியாத வேலை என்றால், 64 கோரிலும் வேகம் 9 மடங்கைத் தொடாது. இது ஆம்டால் விதி. கோர்களை எவ்வளவு கூட்டினாலும் 10 மடங்கைத் தாண்டவே முடியாது. ஐபாப்டில் அந்தப் பிடிவாதமான பகுதி இரண்டாவது வேலைக்குள் இருக்கிறது.

[திரையில் ஒரு சின்ன அணி: மேல் நிரையில் 2, 1, கீழ் நிரையில் 1, 0]

இரண்டாவது வேலையில் வரும் சமன்பாடுகளின் கெழுக்களை இப்படி அணியாக எழுதலாம். அந்தக் கீழ் மூலைப் பூஜ்ஜியத்தைப் பாருங்கள். கட்டுப்பாடுகள் அணிக்குள் வரும்போது மூலைவிட்டத்தில் இப்படிப் பூஜ்ஜியங்கள் உட்காரும். 2-ல் தொடங்கினால் நீக்கல், அதாவது மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கித் தீர்ப்பது, ஒழுங்காக நடக்கும். பூஜ்ஜியத்தில் தொடங்கினால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும். லட்சம் நிரைகள் இருந்தால், எண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்தது எது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு வேலைகளைச் செய்யும் கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்கு இது ஆகவே ஆகாது: ஒரு முடிவுக்காக அந்தச் சிறு வேலைகள் (த்ரெட்கள்) எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

மேட்என்எல்பி சால்வரை எழுதியவர்கள் இங்கே கணிதத்தையே மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. "இது சரியாகப் பூஜ்ஜியம்" என்ற கட்டுப்பாட்டை, "பூஜ்ஜியத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மிகச் சிறிய இடைவெளிக்குள் இருந்தால் போதும்" என்று தளர்த்தினார்கள். அப்புறம் இப்படித் தளர்த்தும்போது சேரும் துணை மாறிகளை நீக்கினால் மிஞ்சும் அணியை, தேவைப்படும்போது கொஞ்சம் திருத்தி, நேர்ம உறுதி உள்ளதாக (நீக்கும்போது மூலைவிட்டத்தில் எப்போதும் நேர் எண்களே வரும்படி) வைத்துக்கொள்ள முடிகிறது. அதற்கு, இத்தகைய அணிகளுக்கான சோலெஸ்கி என்ற நீக்கல் முறை போதும். எந்த வரிசையில் நீக்கினாலும் பூஜ்ஜியத்தில் மாட்டாது. எனவே வரிசையை முதலிலேயே ஒருமுறை முடிவு செய்துவிட்டு, எல்லாச் சுற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். பெரிய மின்வலைக் கணக்குகளில் ஜிபியு 10 மடங்கு அளவுக்கு முந்தியது இதனால்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. தீர்வை நெருங்க நெருங்க அந்த அணி எண்ணளவில் மோசமாகிறது, கடைசி இலக்கங்களின் துல்லியம் போகிறது. மின்வலைக்கு நாலு இலக்கம் சரியாக வந்தால் பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. எட்டு இலக்கம் வேண்டும் என்றால் பழைய முறையை விடாதீர்கள்.

உங்கள் கணக்கு எந்த ரகம்? ஐபாப்டில் 'பிரின்ட் டைமிங் ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற தெரிவை 'எஸ்' என்று வைத்து ஓட்டுங்கள். சார்புக் கணக்கீட்டுக்கு எத்தனை நொடி, அணியைக் காரணிகளாகப் பிரிக்க (அதாவது நீக்கலுக்கு) எத்தனை நொடி என்று கடைசியில் தனித்தனியாக வரும். புது மெஷின் வாங்கும் முன் அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.