இருபத்து நான்கு குதிரை போதுமா?

வணக்கம் நேயர்களே. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிள். பேர்தான் இமயமலை, பிறந்தது என்னவோ நம் சென்னைப் பக்கம். 2016இல் வந்த வண்டி. அதன் இடத்துக்கு 452 சிசி எஞ்சினோடு புது ஹிமாலயன் வந்துவிட்டது. ஆனாலும் பழையது இன்னும் நிறைய ஓடுகிறது, கைமாறுகிறது. என்னிடம் இருப்பதும் பழையதுதான்.

"411 சிசிக்கு வெறும் 24 குதிரைத்திறனா? 200 சிசி வண்டியே அதைத் தருகிறதே!" டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாராவது கேட்டுவிடுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த 200 சிசி வண்டியை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை முறுக்கினால்தான் அந்தத் திறன் கிடைக்கும். இது 6500 சுற்றிலேயே கொடுத்துவிடும். இழுவை இன்னும் கீழேயே, 4000 சுற்றையொட்டி, 32 நியூட்டன் மீட்டர். பிஸ்டனின் விட்டம் 78 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் ஓடும் தூரம் 86. நீள ஓட்டம் ஓடும் பிஸ்டன் வேகமாகச் சுற்றாது, ஆனால் நிதானமாக இழுக்கும்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வருகிறது, ஓரம் ஒதுங்கி ஊர்கிறீர்கள். பஸ் போனதும் இரண்டாவது கியரிலேயே, கிளட்சைத் தொடாமல், டுப் டுப் என்று வண்டி ஏறும். நெடுஞ்சாலையில் நூறைத் தாண்டினால் மூச்சு வாங்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன் சக்கரம் 21 அங்குலம். கல்லோ பள்ளமோ, சின்னச் சக்கரம் அதில் போய் முட்டும், பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் அமுங்கும். அடிவயிற்றுக்குக் கீழே 220 மில்லிமீட்டர் இடைவெளி. ஆனால் அதே பெரிய சக்கரம் நெருக்கமான வளைவில் சோம்பலாகத்தான் திரும்பும். ஸ்போக்ஸ் சக்கரம் என்பதால் உள்ளே டியூப். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மீட்டரில் ஒரு திசைகாட்டி வேறு உண்டு. எனக்கு அது ஒரு நாளும் வழிகாட்டியதில்லை.

முதலில் வந்தவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். லடாக் போல ஐயாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய அறுபது சதவீதமாகக் குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது புரியாது, பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும், எஞ்சின் திணறும். 2017இல் வந்த ஃப்யூல் இஞ்செக்ஷன் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. போன சக்தி திரும்பாது, திணறல் மட்டும் குறையும். அப்புறம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். 2020 மாடலில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துக்கொள்ளலாம். சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். அங்கே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடுவதே நல்லது.

எடைதான் எனக்குக் குறை. 2020 மாடல் 199 கிலோ. ஒருமுறை ஆற்று மணலில், என் அவசரத்தால்தான், வலப்பக்கமாகப் படுக்க வைத்துவிட்டேன். கையால் தூக்கப் பார்த்தால் அசையவே இல்லை. பிறகு சாவியை அணைத்து, கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை விரித்து வைத்தேன். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, காலால் உந்திப் பின்பக்கமாகவே நடந்தேன். மூன்றாவது முயற்சியில் எழுந்துவிட்டது.