பச்சையை விடுங்கள், பழுப்புக் கோட்டைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. ஒரு மலைக்காட்டின் டோப்போ ஷீட்டை, அதாவது நிலத்தின் மேடு பள்ளங்களைக் காட்டும் வரைபடத்தை, மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். பார்த்ததும் கண் பச்சைக்குத்தான் போகும். ஆனால் இங்கே காடு இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பச்சை எதுவும் சொல்லாது. வழி சொல்வது, பழுப்பு நிறத்தில் நெளிந்து போகின்றனவே, அந்தச் சம உயரக் கோடுகள்தான். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள் அவை. அடர்ந்த காட்டுக்குள் சிகரம் எதுவும் கண்ணில் படாது. காலடியில் இருக்கும் சரிவு மட்டும்தான் தெரியும். எங்கே நிற்கிறோம் என்பதை அந்தச் சரிவை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த இடத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நீலக் கோடு ஓடை. அதைத் தாண்டும் ஒவ்வொரு பழுப்புக் கோடும் கூராக மடங்குகிறது, பாருங்கள். அந்த முனை எப்போதும் தண்ணீர் வருகிற மேட்டுப் பக்கத்தையே காட்டும். சற்றுத் தள்ளி இதே மாதிரி மடிப்பு, ஆனால் முனை பள்ளத்தைப் பார்க்கிறது. அது முகட்டிலிருந்து இறங்கும் கிளை. மழைக்கு மட்டும் ஓடுகிற, நீலக் கோடே போடாத ஓடைத் தடங்களையும் முனை மேட்டைப் பார்க்கும் மடிப்புகளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, ஏற்றம் எவ்வளவு? இது 1:50,000 அளவு, அதாவது தாளில் 1 மி.மீ. என்றால் தரையில் 50 மீட்டர். அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயரம். இரண்டு கோடுகள் 2 மி.மீ. தள்ளி இருந்தால், தரையில் 100 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் ஏற்றம். பேசிக்கொண்டே ஏறலாம். அரை மி.மீ. ஆக நெருங்கினால், வெறும் 25 மீட்டருக்குள் அதே 20 மீட்டர். கிட்டத்தட்ட 39 டிகிரி! ஈரச் சருகில் வேரைப் பிடித்துத்தான் ஏற முடியும்.

அப்புறம், தயவுசெய்து இதை மறக்காதீர்கள். 18 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் அப்படியே ஒளிந்துகொள்ளலாம். கோடுகள் விலகி இருக்கின்றன என்பதற்காக, இருட்டியபின் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது.

மொபைல் வரைபடங்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடாரால் எடுத்த உயர அளவுகள். அடர்ந்த காட்டில் அந்த ரேடார் அலை தரைவரை முழுதாக இறங்காது. இலைக்கூட்டத்துக்குள்ளேயே எங்கோ பட்டுத் திரும்பிவிடும். அதனால் மரம் உயர்ந்த இடமெல்லாம் தரையே உயர்ந்தது போலப் பதிவாகும். காட்டின் ஓரத்தில் இல்லாத மேடு ஒன்று முளைக்கும். லைடார் என்பது ரேடாருக்குப் பதில் லேசர் ஒளியால் உயரம் அளக்கும் முறை. அதில் லேசர் துடிப்புகளில் ஒரு பகுதி இலை இடுக்குகளில் நுழைந்து தரையைத் தொட்டுவிடுகிறது. உங்கள் பகுதிக்கு லைடார் அளவு கிடைத்தால், காட்டுக்கு அதையே எடுங்கள்.