ஒரு 'வேண்டும்', பல ஆங்கிலச் சொற்கள்

வணக்கம் நேயர்களே.

"நாளைக்கு நீ வரவேண்டும்." அம்மா கூப்பிட்டாலும், மேலதிகாரி உத்தரவிட்டாலும், டாக்டர் சொன்னாலும் நமக்கு இந்த ஒரே 'வேண்டும்'தான். மீதியைக் குரல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல்லே செய்கிறது. அதனால்தான் எங்கும் 'மஸ்ட்' போடும் நம் பிள்ளைகளின் கடிதங்கள் அதட்டல் போல ஒலிக்கின்றன.

பிரிட்டனின் சாலை விதி நூலான 'ஹைவே கோட்' 1931-லிருந்து வருகிறது. அதில் இன்று 'மஸ்ட்' என்றிருந்தால் அது சட்டம். சீட் பெல்ட் அப்படித்தான். 'ஷுட்' என்றிருந்தால் அறிவுரை. நடைபாதை இருந்தால் அதில் நடக்கவேண்டும் என்பது இந்த வகை. அதை மீறினதற்காக மட்டும் வழக்கு வராது. ஒரு சொல்லில் இவ்வளவு தூரம்!

'ஹேவ் டு' வேறு. நம் 'போகவேண்டியிருக்கிறது' என்பதற்கு அது அருகில் வரும். விருப்பம் நம்முடையதல்ல, சூழ்நிலை தள்ளுகிறது. 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் கிடையாது என்பதால், நேற்றைய கட்டாயத்தைச் சொல்லவும் 'ஹேட் டு'தான்.

எதிர்மறையில்தான் ஆபத்து அதிகம். 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் தேவையில்லை. "இந்த மாத்திரையைச் சாப்பிடக்கூடாது", "இந்த மாத்திரையைச் சாப்பிடத் தேவையில்லை" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. அந்தத் தமிழ்க் காதை நம்பினால் போதும், ஆங்கிலத்திலும் தவறாது.

ஆனால் 'ஹேட் பெட்டர்' விஷயத்தில் தமிழ் நம்மை ஏமாற்றிவிடும். "செய்தால் நல்லது" என்பது நமக்குப் பணிவு. என்னிடம் படித்த ஒரு பெண், "நீங்கள் சீக்கிரம் பதில் அனுப்பினால் நல்லது" என்று நினைத்து, 'யூ ஹேட் பெட்டர்' என்று மேலாளருக்கு எழுதிவிட்டாள். அங்கே அது "அனுப்பிவிடு, இல்லாவிட்டால் பார்" என்ற எச்சரிக்கை! பாவம், மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பெரியவர்களிடம் அதைப் பேசவே பேசாதீர்கள். 'இட் வுட் பி குட் இஃப்' என்று தொடங்குங்கள், போதும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 'மஸ்ட்', 'ஷுட்' இரண்டுக்கும் பின்னால் 'டு' வராது. 'ஷுட்' போலவே பொருள் தரும் 'ஆட்' என்ற சொல்லுக்கு வரும், 'ஆட் டு' என்று.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டிய வீட்டின் முன் நின்று "அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும்" என்கிறோம். போய்விட்டார் என்ற ஊகம் அது. ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ் கான்'. அதே வாக்கியத்தை, தங்கை கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தும் சொல்கிறோம். அப்போது 'ஷுட் ஹேவ் கான்'. முதல் ஆள் போய்விட்டார், இரண்டாமவர் போகவே இல்லை. இனி 'இருக்க வேண்டும்' என்று வாயில் வரும்போது, ஆள் போனாரா இல்லையா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு ஆங்கிலத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.