பஞ்சியும் யோசனையும்: உடற்பயிற்சி மனத்துக்கு என்ன செய்கிறது?

(உலக மனநல நாளையொட்டித் திருகோணமலை நகரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, உளவளத்துணைப் பணியில் இருப்பவர்களே, இந்த மாலை வேளையில் கடற்கரைக்குப் போகாமல் இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இளையவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்தத் தலைப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்வதானால், அந்த 31 ஆண்டுகளில் ஓடியவர்கள் பிள்ளைகள். நான் விசிலோடு மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆனபோது எனக்கு நீரிழிவு வந்திருந்தது. பகலில் தூக்கமும் இரவில் விழிப்பும் என்றாகியிருந்தது. காலையில் கண் விழித்தவுடன் காரணம் தெரியாத ஒரு பாரம் நெஞ்சில் ஏறிக்கொண்டது. நம்முடைய ஊர்ப் பேச்சில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. உடம்பு எதற்கும் எழும்ப மறுத்தால் 'பஞ்சி' என்கிறோம். ஒரே கவலை திரும்பத் திரும்ப மனத்தைச் சுற்றினால் 'யோசனை' என்கிறோம். 'அவருக்கு இப்ப யோசனை கூடிப் போச்சு' என்று சொன்னால், அவர் பெரிய சிந்தனையாளராகிவிட்டார் என்று திருகோணமலையில் எவரும் பொருள் கொள்வதில்லை. மருத்துவர்கள் மனச்சோர்வு என்றும் பதகளிப்பு என்றும் எழுதும் நிலைகளைப் பற்றி வீட்டில் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டு சொற்கள்தாம்.

அந்த நாட்களில் ஒரு கிளினிக்கில் காலை ஆறு மணி முதல் இலக்கத் துண்டோடு காத்திருந்தேன். என் முறை வந்தபோது, 'நல்லா நடவுங்கோ ஐயா' என்று சொல்லிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு நடப்பது, எப்படி நடப்பது, கட்டிலை விட்டு எழும்பவே மனமில்லாதவன் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்க அங்கே நேரமும் இல்லை, எனக்குத் துணிவும் இல்லை. இன்று நான் பேசப்போவது, அந்த 'நடவுங்கோ' என்ற ஒரு சொல்லுக்குப் பிற்பாடு நானாகத் தேடிக்கொண்ட விளக்கம்.

முதலில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தாலும் அவருடைய குழுவினரும் 1999 இல் வெளியிட்டது அது. 50 வயதும் அதற்கு மேலுமான, மனச்சோர்வு நோய் உறுதிசெய்யப்பட்ட 156 பேரை அவர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் மூன்று நாள் விரைநடையோ மெல்லோட்டமோ செய்தனர். இன்னொரு பிரிவினர் செர்ட்ரலீன் என்ற மருந்தை உட்கொண்டனர். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. 16 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தனர். ஆனால் முதல் வாரங்களில் மருந்து எடுத்தவர்களுக்கே குணம் விரைவாகத் தெரிந்தது. நம்முடைய மேடைகளில் இந்தப் பின்பாதியை விட்டுவிடுவார்கள். 'மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு நட' என்று முழங்குவதற்கு அது இடைஞ்சலாக இருக்கிறது போலும்.

நோய் வந்தபின் குணப்படுத்துவது ஒன்று. வராமல் தடுப்பது வேறொன்று. நோர்வே நாட்டில் ஆரோக்கியமாக இருந்த 33,908 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2017 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அனைவரும் வாரத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்திருந்தால், பின்னாளில் ஏற்பட்ட மனச்சோர்வு நோய்களில் 12 வீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தவறாகக் கேட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம். மெதுவாகச் செய்தவர்களுக்கும் கடுமையாகச் செய்தவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அதே ஆய்வில் பதகளிப்பு நோயைப் பொறுத்தவரை அப்படியொரு காப்பு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது மக்களைக் கவனித்து எழுதிய ஆய்வு. உடற்பயிற்சி செய்கிறவர்கள் வேறு வகைகளிலும் வசதியாக வாழ்கிறவர்களாக இருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் ஒரு மூலையில் இருக்கும். ஆனாலும் 2024 இல் 218 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வும் நடை, மெல்லோட்டம், யோகாசனம், பாரம் தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்கின்றன என்றே கண்டது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டால், பலரும் என்டோர்பின் என்ற பெயரைச் சொல்வார்கள். உடம்பே சுரக்கும் வலிநீக்கி அது. ஆனால் இரத்தத்தில் ஓடும் என்டோர்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால், ஓட்டத்துக்குப் பின் வரும் இதமான உணர்வுக்கு வேறொரு பொருளையும் இப்போது காரணமாகச் சொல்கிறார்கள். 1992 இல் ஜெருசலேமில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பொருளுக்குப் பெயர் ஆனந்தமைட். நம்முடைய 'ஆனந்தம்' என்ற சொல்லை எடுத்துத்தான் அந்த விஞ்ஞானிகள் பெயரிட்டார்கள். இன்னொன்று, மூளையின் உள்ளே நினைவோடும் மனநிலையோடும் தொடர்புடைய ஒரு பகுதி கடற்குதிரையின் வடிவில் வளைந்து கிடக்கிறது. அதன் மேல்நாட்டுப் பெயருக்குப் பொருளும் கடற்குதிரைதான். வயது ஏற ஏற அது சுருங்குவது இயல்பு. 55 முதல் 80 வயது வரையான 120 பேரைக் கொண்டு நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரத்தில் மூன்று நாளாக ஓராண்டு நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 வீதம் பெருத்திருந்தது. வெறுமனே உடலை நீட்டி மடக்கியவர்களுக்குச் சுருங்கியிருந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். உடம்பு கட்டாகி, வயிறு உள்ளே போய், அதன் பிறகே மனம் மகிழும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது அப்படியன்று. நான் உட்துறைமுக வீதியில் நடக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனபின்னும் நிறுவையில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. இடுப்புப் பட்டி அதே ஓட்டையில்தான் நின்றது. ஆனால் மூன்றாவது வாரமே இரவு இரண்டு மணிக்கு விழிப்பது நின்றுவிட்டது. நாலாவது வாரம் ஒரு நாள், பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்ததை வாசித்த பிறகே கவனித்தேன். அதற்கு முன் பல மாதங்களாக எந்தச் செய்தியையும் பாதிக்கு மேல் என்னால் வாசிக்க முடிந்ததில்லை. உடம்பு மாறுவதற்கு வெகுமுன்னரே மனம் அசையத் தொடங்கிவிடுகிறது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், முதல் மாதத்தில் நிறுவையைப் பார்த்துப் பார்த்து இரண்டு தடவை கைவிட்டிருக்க மாட்டேன். ஜிம்முக்குப் போய்க் கண்ணாடியின் முன் கையை அளந்துகொண்டிருக்கும் தம்பிமாருக்கும் இதையே சொல்வேன். அளவுநாடா மனநிலையை அளப்பதில்லை. சில வேளை அதைக் கெடுக்கவும் செய்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். கரைவலை இழுக்கிறவர் விடியற்காலையிலிருந்து கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு மணலில் பின்னோக்கி நடக்கிறார். தம்பலகாமத்தில் வயலுக்குள் நாள் முழுதும் குனிந்து நிமிர்கிறவர் இருக்கிறார். நம்முடைய தாய்மார் தண்ணீர் அள்ளி, உடுப்புத் தோய்த்து, முற்றம் கூட்டி, தேங்காய் திருவி முடிக்கும்போது எந்த ஓட்டக்காரருக்கும் குறையாமல் வியர்த்திருக்கிறார்கள். அப்படியானால் இவர்கள் எல்லோரும் மனநிறைவோடு இருக்க வேண்டும் அல்லவா? 2017 இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவும், ஓரிடத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போவதும் நல்ல மனநலத்தோடு சேர்ந்து காணப்பட்டன. வேலையாகச் செய்யும் உடலுழைப்பு அப்படியில்லை. அது மனநலக் குறைவோடு சேர்ந்தே காணப்பட்டது. வீட்டு வேலை நன்மை தீமை எதனோடும் சேரவில்லை.

காரணம் என்னவென்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். தசைக்கு இரண்டும் ஒன்றுதான், மனத்துக்கு ஒன்றல்ல. வலை இழுப்பவர் களைத்த இடத்தில் நிற்க முடியாது. வலையில் மீன் சேரும் பையான மடி கரைக்கு வந்து மீன் எவ்வளவு என்று தெரியும் வரை அவருடைய யோசனை ஓயாது. சில நாள் தெரிந்த பிறகுதான் கூடும். நடக்கப் போகிறவர் தன் விருப்பப்படி வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், திரும்பி வருகிறார். நாளில் அரை மணி நேரமாவது ஒருவருடைய உடம்பு அவருக்கே சொந்தமாக இருப்பதில்தான் நன்மையின் ஒரு பெரிய பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்பட்டு, நம்முடைய மாவட்டத்தைக் கடந்து, வெருகலில் தங்கிக் கதிர்காமம் போகும் பாதயாத்திரைக்காரரைப் பாருங்கள். வெயில், கொப்புளம், பசி எல்லாம் இருக்கும். வலை இழுப்பதைவிட அது இலேசான வேலையன்று. ஆனாலும் முகம் வேறு விதமாக இருக்கும். தானாக எடுத்துக்கொண்ட நேர்த்திக்கடன், கூட வரும் ஆட்கள், பாட்டு, போய்ச் சேர ஓரிடம்.

அதனால்தான் பெண்களைப் பற்றி தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு உட்துறைமுக வீதியில் நடக்கும் ஆண்களை எண்ணிப் பாருங்கள். பெண்களையும் எண்ணிப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். வெளியே வந்தாலும் நாய்க்கு அஞ்ச வேண்டும், மோட்டார் சைக்கிளில் போகிறவனின் வாய்க்கு அஞ்ச வேண்டும், 'வேலை இல்லாமல் சுற்றுகிறாள்' என்ற அயலவர் பேச்சுக்கும் அஞ்ச வேண்டும். 'அவவுக்குப் பஞ்சி' என்று சொல்லிவிடுவது எளிது. வீட்டிலுள்ள ஆண் அந்த அரை மணி நேரம் தேத்தண்ணீரைத் தானே போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். இதை நான் 60 வயதில்தான் கற்றேன்.

எங்கள் அயலில் ஓர் அக்கா இருக்கிறார். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் வந்தபோது ஓடித் தப்பியவர். அதன்பின் நெஞ்சு சற்றுப் படபடத்தாலே அவருக்கு அந்த நாள் திரும்பி வந்துவிடும். மாடிப் படிகூட ஏற மாட்டார். என் மனைவிதான் அவரைக் கோணேசர் கோயிலுக்கு நடந்து போவோம் என்று அழைத்தார். முதல் நாள் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும் இடத்தோடு திரும்பிவிட்டார்கள். பிறகு ஏற்றம் தொடங்கும் இடம் வரை. பிறகு ஏற்றத்தில் சிறிது தூரம் போய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்து, துடிப்பு அடங்கும் வரை பார்த்துவிட்டு இறங்கினார்கள். துடிப்பு கூடும், கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கும், இடையில் எதுவும் நடந்துவிடாது என்பதை அவருடைய உடம்பு கற்றுக்கொள்ள ஏழு வாரம் எடுத்தது. பதகளிப்புக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் இதையே திட்டமிட்ட ஒரு முறையாகச் செய்விக்கிறார்கள். அவர் அதோடு உளவளத்துணைக்கும் போய்க்கொண்டிருந்தார் என்பதை மறைக்கக் கூடாது. இப்போது கோயில் வரை ஏறுகிறார்; அங்கே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கடலைப் பார்க்கச் சொன்னால் மட்டும் இன்னமும் மாட்டார்.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகமும், இரண்டு நாள் தசைக்குப் பயிற்சியும் வேண்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். இந்தக் கணக்கைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு 150 என்ற எண்ணே ஒரு சுவர். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரை போய்த் திரும்பினால் அன்றைக்கு அது போதும். மனம் வரட்டும், பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நோயில் மனம் வராது.

இன்னும் கடுமையான நிலை இருக்கிறது. உண்ண முடியாமல், உறங்க முடியாமல், வாழ்ந்து என்ன என்ற எண்ணத்தோடு ஒருவர் இருக்கும்போது அவரிடம் போய் நடைப்பயிற்சியைப் பற்றி விரிவுரை செய்யாதீர்கள். அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். நீண்ட காலமாக மாத்திரை எடுப்பவர்கள், நடையால் தேறியதாக உணர்ந்தாலும், டொக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

கடைசியாக, வாசலில் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி. 'ஐயா, இனி மாரி தொடங்கப் போகுது, தை வரைக்கும் என்ன செய்யிறது?' நல்ல கேள்வி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமக்கு வெயில்தான் தடை. விடியப் புறப்பட்டால் சமாளிக்கலாம். வாடை மழையை அப்படிச் சமாளிக்க முடியாது. போன மாரியில் ஒன்பது நாள் தொடர்ந்து வெளியே இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் இரவே தூக்கம் குறைந்தது, ஐந்தாம் நாள் பழைய யோசனை எட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் காலை வீட்டு விறாந்தையில் நடக்கத் தொடங்கினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 14 அடி. சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டு எண்ணினேன். மனைவி இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் கதிரைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அவரும் எதிர்ப்பக்கமிருந்து நடந்து வந்தார். அந்தக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. இந்த மாரிக்கும் தேவைப்படும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

வணக்கம்.