தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே நேர்தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வரும். விமான அட்டவணையோ 18 மணி நேரத்துக்கும் மேல் என்கிறது. அட்டவணை நேரம் விமானம் கிளம்பும் வாயிலிலிருந்து போய்ச் சேரும் வாயில் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்க இடம் கிடைக்கும்வரை சுற்றுவதும் அதில் அடங்கும்.

மீதிக் கணக்கு காற்றின் கையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற ஜெட் காற்று சில நாள்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். இருக்கைத் திரையில் தெரியும் தரைவேகம், அதாவது தரையை வைத்து அளக்கும் வேகம், அன்று மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது. அதற்காக விமானம் ஒலியை மிஞ்சிவிடவில்லை. சூழ்ந்திருந்த காற்றே அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வராது. 9,000 கிலோமீட்டர் தூரம், விமானத்தின் வேகம் அதே 900 கிலோமீட்டர், காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போனால் 9 மணி நேரம். எதிர்த்து வந்தால் 11 மணி 15 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 20 மணி நேரத்தில் முடிந்திருக்கும். எதிர்காற்றில் நீண்ட நேரம் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா, கால்மணி நேர நஷ்டம் அங்கேதான்.

அதனால் சுற்றுவழியும் சில சமயம் லாபம். 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கத்துக்கு மாற்றியது. சுமார் 1,400 கிலோமீட்டர் கூடியது. பின்காற்றின் புண்ணியத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

காற்றாவது பருவத்துக்குப் பருவம் மாறும். வான்வெளி மூடப்பட்டால் என்ன செய்வது? ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலே பறந்தால் ஒன்பதரை மணி நேரம் போதும். 2022-இல் அந்த வழி அடைபட்டதும் பயணம் 13 மணி நேரத்தை எட்டியது. இரு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தின் வழியாகச் சுற்றிப் போயின. துருவத்தைக் கடந்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்!

நன்றி, வணக்கம்.